உழைத்த நாளும் உண்ணும் அளவும்

உடல் எடையைக் குறைக்க முற்படுவோர் யாவரும் சில வாரங்களுள் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். உணவைக் குறைத்தாயிற்று; தேகாப்பியாசமும் தொடங்கியாயிற்று. அப்பியாசம் செய்த நாளிற் பசி மிகுகின்றது. அன்றைக்கு மட்டும் சிறிது கூடுதலாக உண்ணலாமா? உண்டால் உழைத்த உழைப்பு வீணாகிவிடாதா? உண்ணாது விட்டால் உடல் நலிந்துவிடாதா?

இக்கேள்விக்கு வீட்டுக்கு வீடு வெவ்வேறு விடை கிடைக்கின்றது. வியர்வை சிந்தியவன் வயிறார உண்ணவேண்டும் என்பர் ஒரு சாரார். நடப்பது மெலிவதற்கு, நடந்துவிட்டு உண்பதானால் நடப்பானேன் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளிலும் உண்மையின் ஒவ்வொரு பகுதி உண்டு. எது யாருக்குப் பொருந்தும், எத்தகைய உழைப்புக்குப் பொருந்தும் என்று பிரித்தறியாமையே இடர்ப்பாட்டுக்குக் காரணம். அவ்வாறு பிரித்தறிய வேண்டுமாயின், உடலின் வரவு செலவுக் கணக்கு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

உணவிலுள்ள சக்தியைக் கலோரி என்னும் அளவினாற் கணிக்கின்றனர். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவியலார் வழக்கிற் கூறும் ஒரு கலோரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வில்பர் அற்வாற்றர் என்னும் அறிஞர், மனிதர் ஒருவர் பல நாள் தங்கியிருக்கக்கூடிய சிறிய அறையொன்றை அமைத்து, அவர் உண்பதையும், மூச்சு விடுவதையும், உடலினின்று வெளிப்படும் வெப்பத்தையும் நுணுக்கமாக அளந்தார். மாப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி வீதமும், கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி வீதமும் உடலுக்குச் சக்தி அளிக்கின்றன என்று இன்றும் உணவுப் பொதிகளில் அச்சிடப்படும் கணக்கு அவர் வகுத்த வழியில் வந்ததேயாம்.

இது வரவு. செலவு மூன்று வகைப்படும். இதயம் துடித்தல், மூச்சு இயங்குதல், மூளையும் ஈரலும் சிறுநீரகமும் தொழிற்படுதல் ஆகியவற்றுக்காக, படுத்திருக்கும்போதும் உடல் சக்தியைச் செலவிடுகின்றது. அமர்ந்து பணிபுரியும் ஒருவரது நாட்செலவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இதற்கே போய்விடுகின்றது. உண்ட உணவைச் செரிப்பதற்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செலவாகின்றது. எஞ்சியதே நடத்தல், நிற்றல், தூக்குதல், ஓடுதல் முதலாய அசைவுகள் அனைத்துக்கும் உரியது. தேகாப்பியாசம் இம்மூன்றாவது வகையில் ஒரு கூறு மாத்திரமே. இவ்வுண்மையை மனத்தில் இருத்தினால், ஒரு மணி நேர நடை ஒரு நாளைய உணவுக் கணக்கையே தலைகீழாக மாற்றிவிடும் என்ற மயக்கம் தோன்றாது.

உதாரணமாக, கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரியும் நடுத்தர வயதினர் ஒருவரைக் கருதுவோம். அவரது எடை 70 கிலோ. எடை கூடாமலும் குறையாமலும் இருப்பதற்கு அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,200 கலோரி வேண்டும். எடையைக் குறைக்கும் பொருட்டு அவர் 1,700 கலோரி அளவிற்கு உண்கின்றார். நாளொன்றுக்கு 500 கலோரி குறைவு. வாரமொன்றுக்கு 3,500 கலோரி குறைவு. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருத்தலால், வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அவர் மெலிதல் கூடும். நாட்செல்ல உடல் சிறுத்து, அதன் செலவும் சுருங்குவதனால், இந்த வேகம் படிப்படியாகத் தணியும்.

இனி, அவர் வாரத்தில் ஐந்து நாட்கள் மாலைவேளையிற் காலிமுகத்திடலில் ஒரு மணி நேரம் நடக்கின்றார் எனக் கொள்வோம். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் உடல் செலவிடுவது ஏறத்தாழ 250 கலோரி. ஆயின் இது முழுவதும் நடையின் செலவன்று. அந்த ஒரு மணி நேரத்தை அவர் வீட்டில் நாற்காலியில் அமர்ந்து கழித்திருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்கும். அத்தொகை 2,200 என்னும் கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டதொன்று. ஆகவே நடையினால் விளைந்த புதுச் செலவு 180 கலோரி அளவினதே.

நூற்றெண்பது கலோரி என்பது உணவில் எவ்வளவு? சோறாயின் ஏறத்தாழ 140 கிராம். சாதாரண உணவுத் தட்டில் இரண்டு மூன்று அகப்பைக்கு மேற் போகாது. புதுத் தேங்காயாயின் 50 கிராம். வறுத்த கச்சானாயின் ஒரு கைப்பிடிக்குச் சற்று அதிகம். எண்ணெயாயின் இருபது கிராம். நடை முடிந்து திரும்பும் வழியில் ஒரு பணிசும், பாலும் சீனியும் இட்ட ஒரு தேநீரும் எடுத்துக்கொள்வாராயின், அது ஏறத்தாழ 300 கலோரியாகும். ஒரு மணி நேரம் நடந்து ஈட்டியதைப் பத்து நிமிடத்தில் செலவழித்து, அதற்கு மேலும் கடன்பட்டவராகின்றார். இதனை அவர் பேராசையினாற் செய்வதில்லை. உழைத்த ஒருவருக்கு இயல்பாகத் தோன்றும் நியாய உணர்ச்சியே அவரைக் கடைக்குள் அழைத்துச் செல்கின்றது.

இக்காலத்தில் இந்த நியாய உணர்ச்சிக்குத் துணைபுரியக் கருவிகளும் வந்துள்ளன. கையிற் கட்டும் கடிகாரம், கைப்பேசி, அப்பியாச நிலையங்களிலுள்ள ஓடுபொறி ஆகியவை, செலவான கலோரியை எண்ணாற் காட்டுகின்றன. எண்ணாற் காட்டப்படுவதைத் துல்லியமானதென்று நம்புவது மனித இயல்பு. 2017ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார், மணிக்கட்டில் அணியும் ஏழு வகைக் கருவிகளை 60 பேரிடத்திற் சோதித்தனர். இதயத் துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் நன்றாகவே அளந்தன. சக்திச் செலவைக் கணிப்பதிலோ, மிகச் சிறந்த கருவியும் சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மிக மோசமான கருவி 93 வீதம் பிழைத்தது.

மேற்கூறிய அலுவலரின் கருவி அவரது நடைக்கு 350 கலோரி எனக் காட்டுமாயின், அவர் அதனை நம்பி அத்தனையையும் உணவாகத் திருப்பிக் கொடுப்பாராயின், வாரத்தில் 1,750 கலோரி கூடுதலாக உண்டவராவார். நடையினால் உண்மையிற் செலவானது 900 கலோரி மாத்திரமே. எஞ்சிய 850 கலோரி, உணவுக் கட்டுப்பாட்டினால் வாரமெல்லாம் ஈட்டிய 3,500 கலோரியில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றது. நடக்கத் தொடங்கிய பின்பு முன்னிலும் மெதுவாக மெலிகின்றேனே என்று அவர் வியப்படைந்தால், அவ்வியப்புக்கு விடை இக்கணக்கில் இருக்கின்றது.

கருவியின் பிழையோடு விடயம் முடிந்துவிடவில்லை. உடலும் தன் பங்குக்குச் சிக்கனம் செய்கின்றது. ஒரு மனிதர் தம் வழக்கமான வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கும்போதே அவரது மொத்தச் சக்திச் செலவை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. கதிர்வீச்சு இல்லாத, பாரம் கூடிய ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த நீரைப் பருகச் செய்து, அவை சிறுநீரில் எவ்வேகத்தில் நீங்குகின்றன என்று நோக்கும் முறை அது. விலங்குகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கையாளப்பட்ட இம்முறை, 1982ஆம் ஆண்டில் மனிதரிடத்துப் பயன்படத் தொடங்கியது. தன்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் தேடியும் வாழும் அட்சா மக்களை இம்முறையால் அளந்த ஏர்மன் பொன்ட்சர் என்பாரும் அவர்தம் கூட்டாளரும் 2012ஆம் ஆண்டில் ஒரு விந்தையான முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து திரியும் அம்மக்கள், உடலளவை ஈடு செய்து நோக்குமிடத்து, மேல்நாட்டு நகரவாசிகளைவிட அதிகமான சக்தியைச் செலவிடவில்லை.

இதன் காரணம் பற்றி அறிஞரிடையே இன்னும் விவாதம் உண்டு. உழைப்பு மிகும்போது உடல் பிற செலவுகளைச் சுருக்கிக்கொள்கின்றது என்பது ஒரு விளக்கம். களைத்த மனிதர் எஞ்சிய நேரத்தில் அதிகம் அமர்ந்திருப்பதும், மாடிப்படி ஏறாது மின்தூக்கியை நாடுவதும் அச்சுருக்கத்தின் வெளிப்படையான பகுதி. 2021ஆம் ஆண்டில் 1,754 பேரின் அளவீடுகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தபோது, உழைப்பினாற் செலவாகும் சக்தியில் சராசரியாக 28 வீதத்தை உடல் வேறிடத்தில் மிச்சம் பிடிக்கின்றதெனத் தெரிந்தது. நடந்தது 180 கலோரி எனினும், அன்றைய மொத்தச் செலவிற் கூடியது ஏறத்தாழ 130 கலோரியே என்பது இதன் கருத்து. இது சராசரி, ஆளுக்கு ஆள் வேறுபடும்.

மனிதர் தம்மை அறியாமலே ஈடு செய்துகொள்வதை 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த நானூறுக்கு மேற்பட்ட பெண்கள் அதிற் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் வாரத்துக்கு 72 நிமிடமும், மற்றொரு பகுதியினர் 136 நிமிடமும், மூன்றாம் பகுதியினர் 194 நிமிடமும் ஆறு மாதங்கள் அப்பியாசம் செய்தனர். அவர்களது உணவு கட்டுப்படுத்தப்படவில்லை. முதலிரு பகுதியினரும் கணக்குக் கூறிய அளவில் மெலிந்தனர். மிக அதிகம் உழைத்த மூன்றாம் பகுதியினரோ கணக்குக் கூறியதில் ஏறத்தாழப் பாதியளவே மெலிந்தனர். எனினும் மூன்று பகுதியினருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. அப்பியாசம் பயன் தராமற் போகவில்லை. தராசிற் காணவேண்டிய பயனில் ஒரு பங்கு உணவு வழியே திரும்பியிருத்தல் கூடும்.

அங்ஙனமாயின், பசி என்பது உழைப்பை அளந்து உணர்த்தும் கருவியா? அதனையும் ஆராய்ந்துள்ளனர். 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடோம், விடோசன், மக்கான்ஸ் முதலாய அறிஞர், படைப் பயிற்சி பெற்ற பன்னிரு இளைஞர் இரு வார காலம் உண்டதையும் உழைத்ததையும் நாள்தோறும் அளந்தனர். ஒரு நாள் உழைத்த அளவுக்கும் அதே நாள் உண்ட அளவுக்கும் தொடர்பொன்றும் காணப்படவில்லை. கடின உழைப்பு நாளில் அவர்கள் அதிகம் உண்டாரல்லர். ஓய்வு நாளிற் குறைத்து உண்டாருமல்லர். ஆயின் இரு வாரத்தையும் ஒருங்கே நோக்கியபோது, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்து நின்றன. அதிகம் உழைத்த நாளின் உணவு, இரு நாட் கழித்து வந்து சேர்ந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. இரு நாள் என்ற அந்த இடைவெளி பின்வந்த ஆய்வுகளில் எல்லோரிடத்தும் ஒரேவகையாகக் காணப்படவில்லை. எனினும், உடல் நாளுக்கு நாள் கணக்கு முடிப்பதில்லை, பல நாட்களைச் சேர்த்தே முடிக்கின்றது என்னும் அடிப்படை உண்மை உறுதிப்பட்டே நிற்கின்றது.

இதற்கு உடலியற் காரணமும் உண்டு. கடுமையாக ஓடியோ நீந்தியோ முடித்தவருக்கு உடனே பசி தோன்றாமை பலரும் அறிந்ததே. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் கடும் உழைப்பின்போது சிறிது நேரத்துக்குக் குறைகின்றது. சில மணி நேரத்தில் அது மீள்கின்றது. அப்பியாசம் செய்த மாலையில் அளவாக உண்டு பெருமிதம் கொண்டவர், மறுநாள் முற்பகலில் காரணம் அறியாது பிஸ்கற்றுப் பொதியை நாடுவதற்கு இந்தத் தாமதம் துணைபோதல் கூடும். இன்று உழைத்தேன், இன்று உண்கின்றேன் என்னும் நாட்கணக்கு, இவ்வகையிலும் உடலின் நடைமுறைக்கு ஒவ்வாததாகும்.

பசி உழைப்பைப் பின்தொடர்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 1956ஆம் ஆண்டில் ழீன் மேயர் என்னும் அறிஞரும் அவருடைய இந்தியக் கூட்டாளரும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றில் நடத்திய ஆய்வு இத்துறையிற் புகழ்பெற்றது. மூட்டை சுமப்போர் தொடங்கி எழுதுவினைஞர், கடைகளில் நாள் முழுவதும் அமர்ந்திருப்போர் வரை பலருடைய உணவையும் எடையையும் அவர்கள் ஒப்பிட்டனர். நடுத்தர உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரையிலும், உழைப்புக் கூடக்கூட உணவும் கூடியது. எடை ஒரே நிலையில் நின்றது. அமர்ந்தே இருந்தவரிடத்திலோ உழைப்புக் குறைந்தும் உணவு குறையவில்லை. கடும் உழைப்பாளர் உண்ட அளவுக்கு அவர்களும் உண்டனர். எடையும் அவர்களுக்கே அதிகம். அந்த ஆய்வு வெவ்வேறு தொழில் செய்த வெவ்வேறு மனிதரை ஒப்பிட்டதாகலின், அதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் அசைவே இல்லாத வாழ்க்கையில் பசி என்னும் தராசு பழுதடைகின்றது என்னும் அதன் குறிப்பு, இன்றைய அலுவலக வாழ்க்கைக்கு நன்கு பொருந்துவதாகும். நாள்தோறும் அளவாக நடப்பது கலோரியைச் செலவிடுவதோடு, பசியை ஒழுங்குபடுத்தவும் உதவக்கூடும்.

இதுவரை கூறியவை அதிகம் உண்பதன் அபாயத்தைப் பற்றியவை. இதன் மறுபக்கமும் உண்டு. அது மேலும் கவனத்துக்குரியது. உணவையும் கடுமையாகக் குறைத்து, உழைப்பையும் கடுமையாகக் கூட்டி, விரைவில் மெலிந்துவிடலாம் என்று எண்ணுவோர் பலர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944, 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்பார் 36 இளைஞரின் இசைவோடு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களது உணவு ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டது; வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் பணிக்கப்பட்டனர். 24 வாரங்களில் அவர்கள் தம் எடையிற் காற்பங்கை இழந்தனர். அத்துடன் வலிமையை இழந்தனர். வெயில் நாளிலும் குளிரால் நடுங்கினர். இதயத் துடிப்புத் தளர்ந்தது. சிந்தனை முழுவதும் உணவைச் சுற்றியே சுழன்றது. பெரும்பாலும் தொடக்கத்திற் பருமன் இல்லாத இளைஞர் அவர்கள். பருமன் மிகுந்தவருக்கு அதே வேகத்தில் அதே துன்பம் நேரும் என்பதில்லை. எனினும், போதிய உணவின்றி உழைப்பைத் தொடர்ந்தால் உடல் கொழுப்பை மட்டுமன்றித் தசையையும், நாடித்துடிப்பையும், மன அமைதியையும் சேர்த்தே விலையாகக் கொடுக்கின்றது என்பதை அவ்வாய்வு ஐயமற நிலைநாட்டியது.

பெண்களிடத்து இவ்விலை வேறொரு வகையிலும் அறவிடப்படுகின்றது. கடும் பயிற்சி செய்து போதிய அளவு உண்ணாத இளம் பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படுதலும், என்பு மெலிந்து சிறு மோதலிலும் வெடித்தலும் விளையாட்டு வைத்தியர் நெடுநாளாக அறிந்தவை. இத்தகைய சக்திக் குறைவு ஆண்களையும் தாக்கவல்லது என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. பாடசாலை ஓட்டப் போட்டிக்குப் பயிலும் ஒரு பெண்பிள்ளை மெலியவேண்டும் என்ற ஆவலால் இராப்போசனத்தை விட்டு வருவாளாயின், பெற்றோர் அதனை மனவுறுதி என்று மெச்சுதல் தகாது. வளரும் பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்கும் கணக்கிற்கு உட்பட்டவரல்லர்.

நீரிழிவு உள்ளோரின் நிலை இன்னும் நுட்பமானது. உழைக்கும் தசை குருதியிலுள்ள குளுக்கோசை ஈர்த்துக்கொள்வதால், அப்பியாசம் நீரிழிவுக்கு நல்ல மருந்து. ஆனால் இன்சுலின் ஏற்றிக்கொள்வோருக்கும், இன்சுலினைச் சுரக்கச் செய்யும் சில மாத்திரைகளை உட்கொள்வோருக்கும், உழைப்பின்போது மாத்திரமன்றி உழைப்புக்குப் பின் பல மணி நேரம் சென்றும், சில வேளை நள்ளிரவிலும், குருதியிற் சீனி அபாயமான அளவுக்கு இறங்குதல் கூடும். உடல் நடுங்குதல், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றியதும் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துப் பருகுவதே உடனடிப் பரிகாரம். அந்நேரத்தில் எடையைப் பற்றி எண்ணுதல் ஆகாது. இத்தகையோர் அப்பியாசம் தொடங்குமுன், உணவைக் கூட்டுவதா, மருந்தைக் குறைப்பதா என்பதைத் தம் வைத்தியரிடம் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்விரு பக்கங்களையும் நோக்கினால், உழைத்த நாளில் அதிகம் உண்ணலாமா என்ற கேள்விக்கு விடை மூன்று படிகளாக அமையும்.

முதலாவது, தாம் உண்ணும் அளவு எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். வைத்தியரோ உணவு ஆலோசகரோ உணவுத் திட்டம் வகுக்கும்போது, வாரத்தில் எத்தனை நாள் நடப்பீர்கள் என்று வினவி, அதனையும் கணக்கிற் சேர்த்திருப்பாராயின், நடையின் செலவு ஏழு நாளைய உணவிலும் ஏற்கெனவே பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது. அதன் மேலும் நடந்த நாளிற் கூட்டி உண்பது, ஒரே சம்பளத்தை இருமுறை பெற முயல்வது போன்றதாகும். அமர்ந்திருக்கும் வாழ்க்கைக்கு மாத்திரம் கணக்கிடப்பட்ட திட்டமாயின், கூட்டுவதைப் பற்றி எண்ண இடமுண்டு.

இரண்டாவது, உழைப்பின் அளவை நோக்குதல் வேண்டும். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நடத்தல், மெதுவாகத் துவிச்சக்கரவண்டி ஓட்டுதல், வீட்டு முற்றத்தைப் பெருக்குதல் ஆகியவற்றுக்குத் தனியாக உணவு கூட்ட வேண்டியதில்லை. அச்சிறு செலவு, எடை குறைவதற்கு உதவும் சிறு இலாபமாக நிற்கட்டும். வாரத்துக்கு எண்பது தொண்ணூறு கிராம் கொழுப்பென்பது அற்பமாகத் தோன்றலாம். ஆண்டு முழுவதும் நின்று பிடித்தால் அது அற்பமன்று. ஆயின் பத்துக் கிலோமீற்றர் ஓடுபவருக்கு 70 கிலோ எடையாயின் 600 கலோரிக்கு மேற் செலவாகும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் நான்கு மணி நேரம் மண்வெட்டி பிடித்துப் பாத்தி கட்டுபவருக்கு 1,000 கலோரியளவு செலவாகும். இத்தகைய நாளில் உணவைக் கூட்டாதிருத்தல் களைப்பையும் தசை இழப்பையும், இரவிற் கட்டுக்கடங்காப் பசியையும் விளைவிக்கும். கணக்கிட்ட செலவில் ஏறத்தாழப் பாதியை உணவாகத் திருப்பிக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. கருவியின் மிகைக் கூற்றுக்கும், உடலின் சிக்கனத்துக்கும், தட்டில் இடும் உணவை மனிதர் குறைத்து மதிப்பிடும் வழக்கத்துக்கும் எஞ்சிய பாதி இடங்கொடுக்கும்.

மூன்றாவது, கூட்டும் உணவு எத்தகையது, எப்போது என்பது. தனியாக ஒரு பரிசுப் பண்டமாக அன்றி, வழக்கமான வேளை உணவின் ஒரு பகுதியாகவே அது அமைதல் நன்று. கடையில் வாங்கும் பணிசு, றோல்சு, இனிப்புச் சோடா ஆகியவை சிறு அளவிலேயே பெருஞ் சக்தியை அடக்கியவை. பசியை நெடுநேரம் தணிப்பனவுமல்ல. இராப்போசனத்தில் ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், அவித்த பயறு அல்லது கடலை, பருப்புக் கறி ஆகியவற்றிலொன்றைக் கூட்டினால், தசையைக் காக்கும் புரதம் கிடைக்கும். நெடிய உழைப்பானால் அதனுடன் இரண்டு இடியப்பமோ ஒரு சிறு துண்டு பிட்டோ ஒரு வாழைப்பழமோ சேர்க்கலாம். தேங்காய்ப்பூவும் தேங்காய்ப்பாலும் எங்கள் நாட்டுச் சமையலில் கண்ணுக்குத் தெரியாமலே கலோரியைப் பெருக்குவன. சம்பலும் சொதியும் அளவோடு இருத்தல் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட நடைக்குத் தண்ணீரே போதும். வெயிலில் நெடுநேரம் வியர்த்தவருக்கு, சீனி இடாத தேசிக்காய் நீரில் ஒரு சிட்டிகை உப்பிட்டுப் பருகுதல் நன்று. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் உப்பைத் தவிர்க்கலாம்.

இம்முறையைக் கைக்கொள்வோரை முதல் வாரங்களில் ஒரு காட்சி மயக்குதல் கூடும். அப்பியாசம் தொடங்கியதும் தராசு சற்று ஏறிக் காட்டும். இது கொழுப்பன்று. உழைக்கும் தசை தனக்கு வேண்டிய மாப்பொருளைக் கிளைக்கோசன் என்ற வடிவிற் சேமிக்கின்றது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் மூன்று கிராம் அளவு நீரும் தங்குகின்றது. பழகாத உழைப்பினாற் கன்றிய தசையிலும் சில நாள் நீர் தேங்கும். இவ்வேற்றத்தைக் கண்டு அஞ்சி உணவை மேலும் வெட்டுவோரும், அப்பியாசத்தால் பயனில்லை என்று அதனைக் கைவிடுவோரும் ஒருங்கே தவறிழைக்கின்றனர். வாரத்தில் மூன்று நான்கு முறை, காலையில், உண்ணுமுன், ஒரே தராசில் நிறுத்து, அவற்றின் சராசரியைக் குறித்து வைப்பதே தக்க முறை. ஓர் இரவின் உப்பும் நீரும் செய்யும் மாற்றத்தைச் சராசரி அடக்கிவிடும்.

அச்சராசரி நான்கு வாரமாக மெதுவாக இறங்குமாயின், உண்ணும் அளவு சரியானது. இறங்காது நிற்குமாயின், உழைத்த நாளிற் கூட்டியதை முதலிற் குறைத்துப் பார்த்தல் வேண்டும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கி, உறக்கம் கெட்டு, களைப்பு மிகுந்து, செய்யும் பயிற்சியும் நாளுக்கு நாள் தளருமாயின், உணவைக் கூட்டியே ஆகவேண்டும்; தளர்ச்சி நீங்காவிடின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

அப்பியாசத்தைக் கலோரி ஈட்டும் கூலி வேலையாக மட்டும் கருதுவோர், கூலி குறைந்ததென்று கண்டவுடன் அதனை விட்டுவிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பில் ஈடுபடவேண்டுமென்று கூறுகின்றது. இதயத்துக்கும், குருதி அழுத்தத்துக்கும், நீரிழிவுத் தடுப்புக்கும், உறக்கத்துக்கும், மனநிலைக்கும் அதனால் விளையும் நன்மை, தராசு இறங்காத வாரத்திலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். எடையைக் குறைப்பதிற் பெரும்பங்கு உணவுக்கே உரியது. குறைந்த எடை மீண்டும் ஏறாமற் காப்பதில் உழைப்பின் பங்கு பெரியது. ஆதலால் மாலை நடை முடிந்து வீடு திரும்புபவர், இன்று எவ்வளவு உண்ணலாம் என்று கடிகாரத்தைக் கேட்கவேண்டியதில்லை. வழக்கமான இராப்போசனத்தை வழக்கமான அளவில் உண்டு, நாளையும் நடப்பதற்கு ஆயத்தமாதலே அவருக்கு வேண்டியது.